மந்த வாயுக்கள்

எங்கள் பள்ளியில் வகுப்புப் பிரிவுகளுக்கு மரங்களின் பெயர்:
நர்ரா, மொலாவே, யாக்கால்.
மூன்றாம் மாடியில் மட்டும் நியான், ஆர்கான்.
அறிவியல் கணிதச் சிறப்புப் பிரிவு.
யாரோடும் சேராத வாயுக்கள் என்று
தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ.

நுழைவுத் தேர்வில் எண்பத்தைந்து வேண்டும்.
எனக்கு எண்பத்து மூன்று.
இரண்டு மதிப்பெண்ணில் நான் மரமானேன்.
அறிவிப்புப் பலகையில் அம்மா
கருவாட்டு வாசம் போகாத விரலால்
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடிவிட்டு
"அச்சுப் பிழையாக இருக்கும்" என்றாள்.
பிறகு சந்தைக்கு நேரமாகிவிட்டது.

மொலாவேயில் ஐம்பத்தெட்டுப் பேர்.
ஒரே மின்விசிறி, அதுவும்
ஆசிரியர் பக்கம் பார்த்தே சுற்றும்.
மேலே முப்பது பேர்.
நாற்காலி இழுபடும் ஓசையை வைத்தே
அவர்களுக்கு ஆய்வகமா பரீட்சையா என்று சொல்லிவிடுவோம்.
மாடிப்படி பெருக்கும் முறை வந்தால்
இரண்டாம் மாடி வரைதான் எங்கள் துடைப்பம்.
அதற்கு மேல் கம்பிக் கதவு, பித்தளைப் பூட்டு.

நவம்பரில் புயல்.
சிக்னல் நான்கு என்று வானொலி சொன்னபோது
கடல் ஏற்கெனவே கூடைப்பந்துத் திடலில் நின்றது.
காவலாளி மாங் இசியாங் சாவியைத் தேடவில்லை.
கடப்பாரையால் ஒரே நெம்பு.
நாற்பத்தொரு குடும்பங்கள் ஆர்கானுக்குள் ஏறினோம்.

சாராய விளக்கில், பீக்கரில், கஞ்சி கொதித்தது.
அரை லிட்டர்க் கோட்டைத் தாண்டாமல்
ஒருத்தி நுரையை ஊதிக்கொண்டே இருந்தாள்.
குழாயில் ஒரு சேவலைக் கட்டியிருந்தார்கள்.
சுவரில் தொங்கிய தனிம அட்டவணையைக் காட்டி
படகோட்டி ஒருவர் கேட்டார்:
"இது எந்த வருஷத்துக் காலண்டர்?"

கிறிஸ்டெல் டப்லிசோ, ஆர்கானின் முதல் மாணவி,
என் பக்கத்தில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள்.
அவள் பார்க்கவே அவள் வீட்டுக் கூரை பறந்ததாம்.
எழுந்து போய்க் கரும்பலகையில்
காற்றின் வேகம், சன்னலின் பரப்பு என்று
கணக்குப் போட்டாள்.
விடை வந்ததும், யாரும் பார்க்குமுன்,
உள்ளங்கையால் அழித்தாள்.
என் காதில் மட்டும்: "கண்ணாடி தாங்காது."
அலமாரியின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான்.
தூங்கிய பிள்ளைகளைப் பாயோடு
உள்சுவர் ஓரம் இழுத்தோம்.
உடைந்தபோது மணி இரண்டேகால்.
சேவல் மட்டும் நனைந்தது.

அப்புறம் யாருக்குத் தூக்கம்.
என் தம்பி ரென்ஸ் அவளிடம் கேட்டான்:
"ஆர்கான் நிஜமாகவே யாரோடும் சேராதா?"
"ஒரு தடவை சேர்த்துவைத்தார்களாம்.
பனிக்கட்டியெல்லாம் நெருப்பு என்று தோன்றுகிற குளிரில்.
கொஞ்சம் சூடு ஏறியதும் பிரிந்துவிட்டது."
"பாவம்" என்றான்.

நிவாரண அரிசிக்குப் பெயர் எழுத
காய்ந்த காகிதம் ஒன்றுகூட இல்லை.
அட்டவணையின் முதல் வரிசையில்
ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் நடுவே
ஏகப்பட்ட காலியிடம்.
ஊராட்சி எழுத்தர் மேசைமேல் ஏறி நின்று
பால்பாயிண்ட் பேனாவால்
நாற்பத்தொரு பெயரையும் அங்கேயே எழுதினார்.

மூன்றாம் வாரம் வெயில் வந்தது.
கம்பிக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது.
ஆய்வகத்தில் கருவாட்டு வாடை போகவில்லை என்று
நியான்காரர்கள் மனு எழுதினார்கள்.
படிக்கட்டில் கிறிஸ்டெல் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்,
மணி அடித்ததும் மேலே போய்விடுவாள்.
அவள் சொல்லித்தான் தெரியும்:
திருமதி வில்லாஃபுவெர்ட்டே
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்தாராம்.
பெயர்கள் பரவினவே தவிர அழியவில்லை.
கடைசிப் பெயர் அம்மாவுடையது.
அது ஹீலியத்தின் கட்டத்துக்குள்
நீலமாகக் கசிந்திருக்கிறதாம்.

மார்ச்சில் ரென்ஸுக்கு நுழைவுத் தேர்வு.
பட்டியல் ஒட்டும் நாளில் கடை கிடையாது என்று
அம்மா இப்போதே பக்கத்துக் கடைக்காரியிடம்
சொல்லிவைத்துவிட்டாள்.
அதற்குள் ஒரு மூக்குக்கண்ணாடியும்
வாங்கிவிட வேண்டுமாம்.